பின்சீட்டில் யாரும் உட்காரக் கூடாது

அந்தத் தொலைக்காட்சித் தொடர் வந்த நாளிலிருந்து டெலோரஸ் மாலெக் யாரையும் நம்புவதில்லை. தபால்காரரையும் சேர்த்துத்தான். பத்து வருஷமாகப் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்த மனிதர், ஒருநாள் வீட்டின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து, "சிவப்பு வண்டி இன்னும் ஷெட்லதான் இருக்கா?" என்று கேட்டால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

தொடரில் ஒரு பெண், தம்பியைக் கொன்றவர்களைத் தேடி ஊர் ஊராகப் போகிறாள். போவதெல்லாம் எழுபதாம் வருஷத்து வண்டியில். சிவப்பு உடம்பு, இரண்டு கறுப்புப் பட்டை, மூடிக்குள் பெரிய எஞ்சின். பத்து வாரம் ஓடியது. அதற்கு முன் முப்பதாயிரம் டாலருக்கு விலை கேட்டால் கொட்டாவி விட்டுக்கொண்டு கொடுத்துவிட்டுப் போவார்கள். இப்போது ஏலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டதாம். அந்தப் பெண் ஓட்டினாள் என்பதற்காக! ஃபிளின்ட் ஊரில் அந்த வண்டிகளைச் செய்தவர்கள் பாதிப் பேர் செத்துப்போனார்கள். மீதிப் பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். விலை ஏறியதில் அவர்களுக்கு ஒரு காபிகூடக் கிடைக்கவில்லை.

டெலோரஸும் அவர்களில் ஒருத்திதான். பத்தொன்பது வயதில் ஆலையின் சீட்டுப் பிரிவில் சேர்ந்து பதினான்கு வருஷம் வேலை பார்த்தவள். எழுபத்திரண்டு வயதில் இப்போது அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஏரிக்கரை ஊரான மஸ்கீகனில் மகள் ரெனாட்டாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருக்கிறது. ஏரிக் காற்று வரும். மாடிப்படி கிடையாது. கணவன் ஸ்டாஷ் சாகும்போது விட்டுப்போன வண்டி நல்ல விலைக்குப் போனால் அந்த வீடு அவளுடையது. போகாவிட்டால் இந்த ஒழுகும் கூரைதான், இந்தப் பதினாறு படிதான்.

விலை கேட்டு வந்தவர்களில் உருப்படியானவர் பிரென்ட் ஹாலிஸ் என்பவர். அரிசோனாக்காரர், பழைய வண்டி வியாபாரி. பல் மட்டும் புத்தம் புதியது. போன வாரம் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"உள்ள தகட்டுல அடிச்சிருக்கற வண்டி நம்பர் எட்டு சிலிண்டர்னு மட்டும்தாம்மா சொல்லும். அது பெரிய எட்டா, சாதா எட்டான்னு சொல்லாது. எஞ்சினும் ஒருதடவை மாத்தினதுங்கறீங்க. அப்ப ஆலைத் தாள் ஒண்ணுதான் சாட்சி. அது கிடைச்சா தொண்ணூத்தஞ்சாயிரம், கையில."

ஆலைத் தாள் என்றால் என்னவென்று டெலோரஸுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு வண்டிக்கும் என்ன நிறம், என்ன எஞ்சின், என்ன சீட் என்று அச்சடித்த தாள் ஒன்று கூடவே வரும். வேலை முடிந்ததும் அதைத் தூக்கிப் போட இடம் இருக்காது. குப்பைத்தொட்டி தூரம், அடுத்த வண்டி வந்துவிடும். மடித்து, பின்சீட்டின் அடி ஸ்பிரிங்குக்குள் சொருகிவிடுவார்கள். அவள் கையால் எத்தனை ஆயிரம் சொருகியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

"தாள் இல்லைன்னு என் வீட்டுக்காரர் அப்பவே சொல்லிட்டாரு. எலி தின்னுடுச்சாம்."

"சனிக்கிழமை வந்து நானே சீட்டைத் தூக்கிப் பாக்கறேன். எலி எல்லாத்தையும் தின்னாது."

இந்தப் பேச்சு வால்ட் டூடெக்கின் காதுக்கு எப்படிப் போனதோ தெரியாது. மறுநாள் காலையில் வந்து நின்றுவிட்டான். வால்ட், ஸ்டாஷின் ஐம்பது வருஷ நண்பன், ஆலையின் எஞ்சின் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். ஸ்டாஷ் போனபிறகு ஷெட் சாவி ஒன்று அவனிடம்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை வந்து வண்டியைக் கிளப்பி வைப்பான், ஒரு காபி குடிப்பான், போவான்.

அன்று காபி ஆறும்வரை குடிக்கவில்லை.

"டோலி," அவளை அவன் கூப்பிடுவது அப்படித்தான், "வண்டிய எனக்கே குடுத்துடு. முப்பத்தஞ்சாயிரம் தர்றேன்."

"உனக்கு மூளை கழண்டுபோச்சா? அந்தாளு தொண்ணூத்தஞ்சு தர்றான்."

"தாள் இருந்தாத்தானே?"

"இல்லேன்னாலும் அறுபதாயிரமாவது வரும். உனக்கென்ன அவ்வளவு அவசரம்?"

வால்ட் தொப்பியைக் கழற்றி உள்ளே ஏதோ எழுதியிருப்பதுபோல உற்றுப் பார்த்தான். "அந்த ஆளு சரியில்ல."

"நீ மட்டும் சரியா? ஒரு லட்சம் போற வண்டிய மூணுல ஒரு பங்குக்குக் கேக்கறே. ஸ்டாஷ் இருந்தா கேட்டிருப்பியா?"

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். ஐம்பது வருஷமாக ஒரே மேஜையில் சாசேஜ் வைத்த கோனி ரொட்டி தின்ற மனிதன். பணம் என்று வந்தால் அவனும் இப்படித்தானா? அன்றிரவு அவள் தூங்காமல் கிடந்ததற்கு முட்டிவலியைக் காரணம் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை. ஹாலிஸ் பதினோரு மணிக்கு வருவதாகப் பேச்சு. ஒன்பதரைக்கு டெலோரஸ் குப்பைப் பையோடு பின்பக்கம் போனவள், ஷெட்டின் சின்னக் கதவு பூட்டாமல் இருப்பதைப் பார்த்தாள். உள்ளே ஏதோ உலோகம் முனகியது. மெல்லத் தள்ளிப் பார்த்தாள்.

வண்டியின் பின்சீட்டு கழற்றப்பட்டு, சிமென்ட் தரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் வால்ட் மண்டியிட்டிருந்தான். கையில் ஒரு தாள்.

"திருட்டுப் பயலே!"

வால்ட் துள்ளி எழுந்ததில் தலை கதவு விளிம்பில் இடித்தது. "டோலி, கத்தாதே. கொஞ்சம் கேளு."

"என்ன கேக்கறது? அந்தாளு வர்றதுக்குள்ள தாளைத் தூக்கிட்டா விலை குறையும், அப்புறம் நீ வாங்கலாம். அதானே உன் கணக்கு? குடு இங்க!"

அவன் உடனே கொடுத்துவிட்டான். அதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். அவளுக்கு அந்தத் தாளின் கட்டங்கள் தாய்மொழி மாதிரி. வண்டி எண், தகட்டிலிருப்பதேதான். எஞ்சின்: சிறிய எட்டு. வெளி நிறம்: மணல். பட்டை: இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் குடும்பத்தோடு தேவாலயத்துக்குப் போக வாங்குவாரே, அந்த வண்டி.

உடனே அவள் மனம் மற்றொரு பக்கம் ஓடியது. இந்தத் தாளை வைத்ததே இவனாக இருந்தால்? இது மட்டமான வண்டி என்று காட்டினால் யாருக்கு லாபம்? முப்பத்தைந்தாயிரத்தோடு நிற்கிற இவனுக்குத்தான். இப்போதெல்லாம் எதைத்தான் அச்சடிக்க முடியாது?

"இத எங்க அடிச்சு வாங்கினே?"

"என்னது?"

"நடிக்காதே. விலகு."

முட்டி கெஞ்சினாலும் அவள் தரையில் உட்கார்ந்தாள். கவிழ்ந்த சீட்டின் ஸ்பிரிங் வளையங்கள் துருப்பிடித்து மேலே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் பதினான்கு வருஷம் பார்த்த வேலை அப்போதுதான் உதவிக்கு வந்தது. ஐம்பது வருஷம் ஸ்பிரிங்கில் கிடந்த தாளில் துரு இறங்கியிருக்கும். பூசிக் காட்டலாம், ஆனால் வளையத்துக்கு வளையம் பொருந்தாது. ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு விதமாக வளைந்திருக்கும், அது அதைப் பின்னியவளுக்குத்தான் தெரியும்.

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து ஸ்பிரிங்கின் மேல் வைத்தாள். நகர்த்தினாள். துரு வளையம் ஒன்று கம்பியின் மேல் உட்கார்ந்தது. அடுத்ததும். மூன்றாவது கம்பி சற்று நசுங்கியிருந்தது. தாளிலும் மூன்றாவது வளையம் நசுங்கித்தான் இருந்தது.

டெலோரஸ் தாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"ஸ்டாஷுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"வாங்கின மறுவாரத்துலேருந்து." வால்ட் டயர் மேல் உட்கார்ந்துகொண்டான். "எண்பத்திநாலுல உன் வேலை போச்சு, கணக்கு முடிச்சுப் பணம் குடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? அத அப்படியே அவன்கிட்ட குடுத்தே. பெரிய எஞ்சின் வண்டி, அசல்னு ஒருத்தன் சொல்லி வித்தான். பட்டை போட்டிருந்துச்சு, பேட்ஜ் ஒட்டியிருந்துச்சு, இவன் நம்பிட்டான். வீட்டுக்கு வந்தப்புறம் சீட்டைத் தூக்கிப் பாத்தான்."

"வாங்கறதுக்கு முன்னாடி பாக்கலியா?"

"பாக்கல."

"நான் சீட்டுப் பிரிவுக்காரிடா! வேற யாரு பாக்காம விட்டாலும் அவன் பாத்திருக்க வேண்டாமா?"

"அதான் அவனுக்கு வெக்கம். 'என் பொண்டாட்டி சொருகற தாளைப் பாக்காம அவ பணத்தக் கொட்டிட்டு வந்துட்டேன், எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்வேன்'னு அழுதான் டோலி. அப்புறம் பழைய எஞ்சின் கெட்டுப்போச்சுன்னு உங்கிட்ட சொல்லிட்டு, நாங்க ரெண்டு பேரும் அடிபட்ட வண்டி ஒண்ணுலேருந்து பெரிய எஞ்சின கழட்டிப் போட்டோம். ஒரு குளிர்காலம் பூரா. அசல் மாதிரியே ஓடினது."

"ஓடினதெல்லாம் சரி." அவள் விரலில் ஒட்டிய துருவைத் துடைத்தாள். "தாளை ஏன் கிழிச்சுப் போடல?"

"நானும் கேட்டேன். மாட்டேன்னுட்டான். 'அது அவங்க வெச்சது, அங்கதான் இருக்கணும்'னான்."

பின்சீட்டு. ரெனாட்டா சின்னப்பெண்ணாக இருந்தபோதும் அங்கே உட்கார விட்டதில்லை ஸ்டாஷ். மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு போவார்கள். பின்சீட்டு துணி கெட்டுவிடும், தைத்தது பிரிந்துவிடும், என்னென்னவோ சொல்வான். ஒருமுறை டெலோரஸ், அதன் ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கழற்றித் தட்டித் தருகிறேன் என்று சொன்னபோது அவன் கத்திய கத்தல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. வண்டி மேல் அத்தனை பாசம் என்று அவள் சிரித்துக்கொண்டாள். பாசமா? பயம். முப்பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில், அவள் கை அந்தச் சீட்டைத் தூக்கிவிடுமோ என்று பயந்துகொண்டு வாழ்ந்திருக்கிறான். கோபம் வந்தது அவளுக்கு. பணம் போனதற்காக அல்ல. திட்டியிருப்பாள், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள், மூன்றாம் நாள் சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்பை அவன் அவளுக்குத் தராமலே போய்விட்டான்.

"நீ இப்ப இத எடுத்து என்ன பண்றதா இருந்தே?"

"தெரியல. எரிச்சிருப்பேன். அவன் உன் கண்ணுல தாழ்ந்துடக் கூடாதுன்னுதான். அதான் நானே வாங்கிக்கறேன்னேன். போலிக்கு முப்பத்தஞ்சு நல்ல விலை."

பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஹாலிஸ் வந்தார். டெலோரஸ் தாளை நீட்டினாள். அவர் படித்தார். முகத்தில் ஏமாற்றம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. வால்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"இத நாம யாரும் பாக்கலம்மா. அறுபத்தஞ்சாயிரம் தர்றேன், இன்னிக்கே. தாளையும் சேத்து எங்கிட்ட குடுத்துடுங்க."

"தாள் உங்களுக்கு எதுக்கு?"

"இது இருந்தா வேற ஒண்ணு வைக்க முடியாதே." புதுப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். "பழைய தாள் அடிக்கறதுக்குன்னே எனக்கு ஒருத்தர் இருக்காரு. துரு, எலி கடிச்ச ஓரம், எல்லாம் போட்டுத் தருவாரு. தொடர் பாத்துட்டு வாங்க வர்ற பசங்களுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

அறுபத்தைந்தாயிரம். முப்பத்தைந்துக்கு மஸ்கீகன் வீட்டின் வாசற்படிகூட வராது. அறுபத்தைந்துக்கு வீடே வரும். ரெனாட்டா காலையில் காபியோடு வேலி ஓரம் வந்து நிற்பாள். டெலோரஸ் அதை ஒரு முழு நிமிஷம் கண்ணெதிரே பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

பிறகு, அந்தப் போலித் தாளை நம்பி எவனோ ஒரு பையன் தன் மனைவியின் பணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வருவதையும் கண்ணெதிரே பார்த்தாள்.

"தாளைக் குடுங்க."

"அம்மா, யோசிச்சு—"

"குடுங்கன்னேன். நான் சொருகின தாள்ல ஒண்ணுகூடப் பொய் கிடையாது. கிளம்புங்க, காபி வேற போடல."

அவர் கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் ஷெட்டுக்குத் திரும்பினாள். திரும்பி வந்துவிடுவாரோ என்று சந்தேகம்.

"அப்ப எனக்கா?" என்றான் வால்ட் தயங்கித் தயங்கி. "முப்பத்தஞ்சு?"

"உனக்குக் குடுத்தா நீ யாருக்கு விப்பே?"

"டோலி!"

"சும்மா கேட்டேன். யோசிக்கறேன். உன்னையும் இன்னும் மன்னிக்கல, அத ஞாபகம் வெச்சுக்க."

அவள் தாளை இரண்டாக மடித்து, மறுபடி நாலாக மடித்து, கட்டைவிரலால் அழுத்தி மூன்றாவது ஸ்பிரிங்கின் அடியில் சொருகினாள். பார்க்காமலே கை அதைச் செய்தது. இருவருமாகச் சீட்டைத் தூக்கி வண்டியில் வைத்து, ஓங்கித் தட்டி உட்கார்த்தினார்கள்.

"டவுன்ல சாகினா தெரு வரைக்கும் ஒரு சுத்து போவோம். ஓட்டு" என்றாள்.

வால்ட் ஓட்டும் இடத்தில் ஏறி, எட்டி அவளுக்காக முன்கதவைத் திறந்துவிட்டான். அவள் முன்சீட்டை மடக்கிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஏறினாள். அடியில் ஸ்பிரிங் முனகியது. தொய்ந்துதான் இருந்தது, அப்போதே சொன்னாளே.

"முன்னால உக்காரலியா?"

"முப்பத்தொம்பது வருஷம் உக்காந்தாச்சு" என்றாள் டெலோரஸ். "ஓட்டு."