நடுவர்கள் கேட்ட இருமல்

இரண்டாம் ஆண்டுத் திதி முடிந்த மறுவாரம் அர்ஜுனன் இரும ஆரம்பித்தான். உயிரோடு இருந்தவரை அவன் இருமி யாரும் கேட்டதில்லை. மலேசியாவின் ஜெலுத்தோங்கில், சந்தைக்குப் பின்னால் நிற்கும் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஆளில்லாத இடத்திலிருந்து அது வந்தது. மேடையில் இருமுகிறவன்போல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமும் வறட்டு இருமல். சித்தி ஹாஜரா என்று பெயர்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி, "துளசி, வீட்டுல யாருக்குலா சளி? இஞ்சி தரவா?" என்று கேட்டாள். "யாருக்கும் இல்லக்கா. நடுவருங்க அனுப்புனது," என்றாள் அர்ஜுனனின் மனைவி துளசி. சித்தி ஹாஜரா இஞ்சியைக் கொடுத்துவிட்டே போனாள்.

அர்ஜுனன் கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம் துணி காயப்போட்டதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஈரத்துணிகளை மூங்கில் கழியில் கோத்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீட்டிச் செருகினான். வானத்தைப் பார்த்தான். "மழை வராதுலா," என்றான். பிறகு மீன் வாங்கச் சந்தைக்கு இறங்கிப் போனான். அவன் வானிலை சொல்வதை நம்பி, தைப்பூசத்தன்று குடையில்லாமல் தண்ணீர்மலை ஏறி நனைந்த குடும்பங்கள் ஜெலுத்தோங்கில் உண்டு. துளசி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஷீரின் மீன்கடையில் ஒரு கானாங்கெளுத்தியின் செவுளைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தவன் அப்படியே விழுந்தான். நெஞ்சில் கை வைக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் மழை கொட்டியது. பஷீர் மீனை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்து அவனை மூடினான். மாடியில் துளசி, நனைந்த துணிகளை உள்ளே இழுத்தபடி அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் திட்டி முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது.

இதை அவள் திரைக்கதையாக எழுதினாள். கதையாக எழுதினால் மனசுக்குள் என்ன நடந்தது என்று கேட்பார்கள். திரைக்கதையில் கண்ணுக்குத் தெரிவதையும் காதில் விழுவதையும் எழுதினால் போதும். ஜார்ஜ்டவுனில் இயங்கிய ஒரு கலை மன்றம் போட்டி வைத்திருந்தது. தேர்வாகும் கதையைப் படமாக்கிப் பொதுமக்களுக்குத் திரையிடுவார்கள். தேர்வாகாதவர்களுக்கும் நடுவர்களின் விரிவான கருத்துரை கிடைக்கும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஓர் இருட்டு மண்டபத்தில், முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து, அவன் வானத்தைப் பார்த்து அந்த ஒரு வரியைச் சொல்வதை இன்னொரு முறை கேட்க வேண்டும்.

கருத்துரை வந்தது. விரிவாகத்தான் இருந்தது. தலைமை நடுவர் பரமநாதன் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் மருத்துவராக நடித்தவர். அதனால் சாவு விஷயத்தில் அவர் சொல்வதே முடிவு என்று மன்றத்தில் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கணவனின் மரணம் நம்பும்படி இல்லை, முதல் காட்சியிலிருந்தே அவன் இரும வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். ஜெலுத்தோங்கைக் காரில் கடந்ததோடு சரி என்னும் இரண்டாம் நடுவர், மலேசியத் தமிழர் கதையில் ஒரு ரப்பர் மரம்கூட இல்லாததால் மண்வாசனை குறைகிறது என்றார். மூன்றாமவர், மனைவி அழவே இல்லை, இவளிடம் யாருக்கு இரக்கம் வரும் என்று கேட்டிருந்தார். மூவரும் ஒருமனதாகச் சொன்னது: 'மழை வராதுலா' என்ற வசனம் கதையை நகர்த்தவில்லை, நீக்கவும். கீழே தடித்த எழுத்தில், நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது என்றிருந்தது.

தீர்ப்பு இறுதியானது என்பதால் எல்லாம் நடந்தன. இருமல் வந்தது. ஒன்பதாம் மாடி நடைபாதையில், மின்தூக்கிக்குப் பக்கத்தில், சிமெண்டைப் பிளந்துகொண்டு ஒரு ரப்பர் மரம் எழுந்தது. குடியிருப்பு நிர்வாகம் ஆளனுப்பிப் பார்த்து, சைக்கிள் கட்டக்கூடாது என்று அதில் ஒரு பலகை அடித்துவிட்டுப் போனது. பிறகு எல்லாரும் அதில் சைக்கிள் கட்டினார்கள். துளசி அழாத கண்ணீர் அவள் வீட்டுக் குழாயில் உப்புத் தண்ணீராக வந்தது. சித்தி ஹாஜரா அதில் கருவாட்டுக்கு மீன் ஊறவைத்துப் பார்த்து, கடையில் வாங்கும் உப்பைவிட நன்றாகப் பிடிக்கிறது என்றாள்.

கருத்துரை பற்றிக் கலந்துபேச மன்றம் ஒரு சனிக்கிழமை அழைத்தது. பரமநாதன் கழுத்தில் நடுவர் அட்டை தொங்க, பொரித்த கறிபாப் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"தங்கச்சி, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா படத்துல ஒருத்தன் சாகணும்னா முன்னாடியே இருமணும்மா. அதுதான் கிராஃப்ட்."

"அவரு இருமவே இல்லைங்க."

"இருமாம எப்படிச் சாவாரு?"

"செத்தாரே."

"அது வாழ்க்கை. ஆடியன்ஸ் நம்பணும்ல?"

"சந்தையில பாதிப்பேரு நின்னு பாத்தாங்க சார். ஒருத்தர்கூட நம்பமாட்டேன்னு சொல்லல."

பரமநாதன் கறிபாப் துணுக்கைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டார். "எமோஷனலா ஆகாதீங்க. நாங்க சொன்னதை மாத்திக் குடுங்க, உங்க கதையைத்தான் படம் எடுக்கறோம். அந்த மழை டயலாக்கை மட்டும் முதல்ல தூக்குங்க. ஒண்ணுமே இல்லாத வரி."

படம் எடுக்கறோம் என்ற சொல்லுக்காக அவள் மாற்றினாள். இருமலைச் சேர்த்தாள், மரத்தைச் சேர்த்தாள், மனைவியை அழவைத்தாள். கடைசியாக அந்த வரியை அழித்தாள். அழித்த மறுகணம் அர்ஜுனனின் குரல் போய்விட்டது. அவளுடைய ஞாபகத்தில் அவன் ஜன்னலோரம் நின்றான், வானத்தைப் பார்த்தான், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கைப்பேசியில் சேர்த்துவைத்திருந்த அவனது குரல் பதிவுகளைத் திறந்தாள். தக்காளி வாங்கவா, கேஸ் தீர்ந்துவிட்டதா என்று கேட்டவை எல்லாவற்றிலும் இருமல்தான் இருந்தது. சமையலறையில் இருமியவனுக்கோ உற்சாகம் கூடியது. இருமலுக்குப் பின்னால் இப்போது வயலினும் வாசித்தது.

"நல்லாத்தானே இருமுறாரு," என்றாள் சித்தி ஹாஜரா, சமாதானமாக.

"இது அவரு இல்லக்கா. இது அவங்க ஆளு. என் வீட்டுல வந்து நிக்குது."

துளசி உட்கார்ந்து, சேர்த்ததையெல்லாம் அழித்தாள். அழித்த வரியை அதன் இடத்தில் திரும்ப எழுதி, பழையபடியே மன்றத்துக்கு அனுப்பினாள். இருமினால் அது வேறு ஆள் என்று ஒரு வரி மட்டும் மேலே சேர்த்தாள். மன்றம் பதில் போடவில்லை. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை ரப்பர் மரத்தடியில் இருமி, மனைவி கதறக் கதறச் செத்த ஒருவனைப் பற்றி வேறு யாரோ எழுதிய கதை பரிசு பெற்றது. திரையிட்ட மண்டபத்தில் நடுவர்கள் மூவரும் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதார்கள் என்றும், தாங்கள் கேட்டது கேட்டபடி கிடைத்தால் யாரும் அழத்தான் செய்வார்கள் என்றும் ஜெலுத்தோங்கில் பேசிக்கொண்டார்கள். துளசி போகவில்லை.

தீர்ப்பு இறுதியானது என்பதால் எதுவும் திரும்பிப் போகவில்லை. இருமுகிறவன் இன்றும் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருமுகிறான். விருந்தாளிகள் அவனைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். மரத்தில் பால் வடிகிறது. குடிக்கத் தண்ணீரைத் துளசி பக்கத்து வீட்டில் பிடித்துக்கொள்கிறாள். ஆனால் அவள் அந்த வரியைத் திரும்ப எழுதியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஈரத்துணிகளைக் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டியபோது, மூங்கில் கழியின் பக்கமிருந்து, இருமலே கலக்காத குரலில், "மழை வராதுலா," என்று கேட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறது. சித்தி ஹாஜராவுக்கும் கேட்கிறது. கேட்டவுடன் அவள் தன் வீட்டுத் துணிகளை உள்ளே இழுத்துவிடுவாள்.

துளசி இழுப்பதில்லை. துணி நனைகிறது.