கீறல் இல்லாத தட்டு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சண்டைக்கு வரக்கூடாது. என் அண்ணன் பேருந்து ஓட்டுநர். அவருக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறிக்கிடந்தது. அடுத்த பரிசோதனையிலும் இறங்காவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடவிடமாட்டோம், பணிமனை வாசலில் உட்காரலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். வாசலில் உட்காருவதற்கு வீட்டில் படுத்தே கிடக்கலாம் என்றார் அண்ணன். அவர் அப்படிப் பேசுகிற ஆளே இல்லை.

மருத்துவர் எங்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். யாரோ ஒரு அம்மா அண்ணனின் வாயைக் கட்டி வதைக்கப்போகிறார் என்று முடிவு கட்டி, ஆளைப் பார்க்கும் முன்பே அவரை வில்லியாக்கிக் கதையைத் தொடங்கிவிட்டேன்:

"எலும்பும் தோலுமான அந்தப் பெண்மணி சிரித்து எத்தனையோ வருடங்கள் ஆகியிருக்கும். அவருடைய மேசையில்…"

(நேரில் போன பிறகு இந்த வரியை விடவேண்டியதாயிற்று. ஆள் நல்ல வாட்டசாட்டம். மேசையில் பாதி தின்ற வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது, எங்களுக்கும் நீட்டினார்.)

2

லிஃப்டுக்குப் பக்கத்தில் அவருடைய அறை. வெளியே நாற்காலிகளில் காத்திருந்தவர்கள் எல்லோருடைய மடியிலும் ஒரு பை, ஒவ்வொரு பையிலும் ஒரு தட்டு. எவர்சில்வர், பீங்கான், ஓரம் உடைந்த பிளாஸ்டிக். யாராவது எழுந்தால் கணகணவென்று சத்தம். அவருடைய வழக்கம் அது. முதல் தடவை பேசி அனுப்பிவிடுவார், அடுத்த தடவை வீட்டில் சாப்பிடும் தட்டை எடுத்துக்கொண்டு வரவேண்டும். எல்லோரும் அவரைத் தட்டு டாக்டர்* என்றுதான் சொல்கிறார்கள்.

தட்டை வாங்கி வைத்துக்கொண்டு விரலால் கோடு போட்டுக் காட்டுவார். இந்தப் பாதி முழுக்கக் காய்கறி, கீரை. மீதியில் பாதி பருப்போ முட்டையோ மீனோ. மிச்சத்தில் சோறு. காயை முதலில் சாப்பிடுங்கள், சோறு எங்கேயும் ஓடிப்போகாது என்பார். எதையும் விட்டொழியுங்கள் என்று அவர் சொல்லி நான் கேட்கவில்லை. வில்லிக்கு இது சரிப்படாது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

* நான் டாக்டர் இல்லை என்று அவரும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டார். யாரும் கேட்பதாக இல்லை.

3

இரண்டாம் தடவை அண்ணன் ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்தார். பார்த்ததும் எனக்குப் பெருமை. கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறார் பாவம், இந்தச் சர்க்கரைதான் அநியாயமாக ஏறுகிறது என்று நினைத்தேன். அந்த அம்மா தட்டைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் நடுவில் தடவினார்.

"தட்டு அழகா இருக்கு. ஆனா இதுல யாரும் சாப்பிட்ட மாதிரி தெரியலையே. ஒரு கீறல்கூட இல்ல."

அண்ணன் ஆத்திரத்துடன் எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு…

(இல்லை, கதைக்குச் சூடு வேண்டுமென்று நான் சேர்த்தது. அண்ணன் எழவே இல்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.)

"எனக்குத் தட்டே கிடையாது மேடம்" என்றார் கடைசியில். "வர்ற வழியில வாங்கினேன்."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அண்ணிக்கு பேக்கரியில் வேலை. அவர் வருவதற்குள் இவர் வண்டிக்குப் போயிருப்பார். இவர் வேலை முடிந்து வந்ததும் அடுப்படியில் நின்றபடியே, ஒரு கையில் சட்டி, காதில் போன், வீணாகிவிடக் கூடாதென்று அடிவரை வழித்துத் தின்றுவிடுவார்.

"நின்னுக்கிட்டு சாப்பிட்டா கணக்குல வராதுன்னு ஒரு நெனப்பு மேடம்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

"ஊர்ல எல்லாரையும் உட்கார வெச்சுத்தானே வண்டி ஓட்டறீங்க. நீங்களும் கொஞ்சம் உட்காருங்க. மாத்திரையை விடாதீங்க. மிஞ்சினதை ஃப்ரிட்ஜ்ல வைங்க, வயித்துல வைக்காதீங்க."

அவரை எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று. இத்தனை வருடமாக எழுதுகிறேன், கூடப்பிறந்தவர் நின்றுகொண்டு சாப்பிடுவது எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு ஒரு கட்டைவிரல் போதுமாக இருந்தது.

4

(இந்தப் பகுதி அண்ணி கேட்டதற்காக. தன்னைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.)

அன்றிலிருந்து அண்ணி வேலைக்குக் கிளம்பும் முன் அந்தப் புதுத் தட்டில் பரிமாறி, மூடி, மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பாதித் தட்டுக்கு பீன்ஸ். மாட்டுக்கு வைப்பதை எனக்கு வைத்திருக்கிறாள் என்று அண்ணன் என்னிடம் போனில் புலம்பினார். புலம்பிக்கொண்டே உட்கார்ந்து தின்றார். வாரத்தில் ஒரு நாள் அண்ணி வேலைநேரத்தை மாற்றிக்கொண்டார். அன்றைக்கு மேசையில் இரண்டு தட்டுகள். கல்யாணமான புதிதில் இப்படி இருந்தது என்று அண்ணி சொன்னார், இதை எழுதாதே என்றும் சொன்னார். எழுதிவிட்டேன்.

அடுத்த தடவை ஆலோசகர் வாய் திறக்கும் முன் அண்ணன் பையிலிருந்து தட்டை எடுத்து நீட்டினார்.

"மேடம், கீறல் விழுந்துடுச்சு."

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அவசரமில்லாமல் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

5

பரிசோதனைக்கு இன்று காலை ரத்தம் கொடுத்தாயிற்று. முடிவு நாளைக்குத் தெரியும். என் கதைக்கோ இன்றே முடிவு வேண்டும்.

அ) சர்க்கரை இறங்குகிறது, அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டு பணிமனையை விட்டுக் கிளம்புகிறார். தித்திப்பு அதிகம், அந்த அம்மாவே ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆ) இறங்கவில்லை. பணிமனை வாசலில் ஒரு நாற்காலி, அதில்… (முடியவில்லை. அண்ணன் இதைப் படிப்பார்.)

ஆலோசகருக்கே போன் செய்தேன். இத்தனை செய்த பிறகு இறங்கித்தானே ஆகவேண்டும், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மன்றாடினேன்.

"அது நாளைக்கு. இன்னிக்கு மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்டாரா, அதைக் கேளுங்க."

அண்ணனைக் கூப்பிட்டேன். போனில் பேசியபடியே ஒரு சட்டியைக் காலி செய்கிறவர் அவர்.

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

அதற்குமேல் எனக்கு எழுதவரவில்லை. நாளைக்கான இடம் கீழே காலியாக இருக்கிறது.

[                    ]

நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம், அவசரம் ஒன்றுமில்லை. அதற்கு முன் ஒன்று கேட்கவேண்டும். சாப்பிட்டாயிற்றா? உட்கார்ந்தா?