நண்பகல் திராட்சை

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் கசில்டா.

"நல்லா இருக்கு" என்றார் சத்தூரியோ.

"நல்லா இருக்குன்னா? எண்ணெய் புதுசா, பழசா? உள்ள வெந்திருக்கா, மாவா நிக்குதா? வாயத் தெறந்து ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லேன், மனுஷா."

சத்தூரியோ கையிலிருந்த சுர்ரோவை, அந்த எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பலகாரத்தை, மறுபடி கெட்டிச் சாக்லேட்டில் முக்கிக் கடித்தார். கண்ணை உருட்டி யோசித்தார். அறுபத்தொன்பது வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதர், சாப்பிட்டதைப் பற்றி ஒரு நாள்கூட யோசித்ததில்லை. "மொறுமொறுன்னு இருக்கு" என்றார். அது போதாது என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துபோனதால், "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

கசில்டாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லு! நெனச்சேன். மாட்ரிட்காரன் எதையும் அளவோட பண்ண மாட்டான். சத்தமும் ஜாஸ்தி, உப்பும் ஜாஸ்தி."

அவள் முன்னால் வெதுவெதுப்பான பால் ஒரு கோப்பை இருந்தது. ஒரு ஸ்பூன் வாயில் விடுவாள், தலையைச் சற்றே சாய்ப்பாள், காத்திருப்பாள். பால் உள்ளே போனதும் அடுத்த ஸ்பூன். ஒவ்வொரு தடவையும் சத்தூரியோவும் தன்னையறியாமல் எச்சிலை விழுங்குவார். அன்று காலை ஒன்பது ஸ்பூன் இறங்கியது. பத்தாவது இறங்கவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ தின்னு, இன்னும் நாலு இருக்கு" என்றாள்.

சோரியா மலைப்பக்கம் லாரிகள் போகிற சாலையோரத்தில் இருவரும் நாற்பத்தொரு வருஷம் சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். அடுப்பு அவளுடையது, கல்லா அவருடையது. அவள் வைக்கிற ஆட்டுக்கறிக் குழம்புக்காக லாரிக்காரர்கள் இருபது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்டவளுக்கு நோய் வந்த இடத்தைப் பாருங்கள்: உணவுக்குழாய். உடம்பில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்று சத்தூரியோ கடவுளிடம் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டார். கட்டியை அறுக்க வழியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஜனவரி இரண்டாம் தேதி வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்கப்போகிறார்கள். அதற்கப்புறம் வாய்வழியாக எதுவும் கிடையாது. "எவ்வளவு காலம்?" என்று இவர் கேட்டபோது டாக்டர் பெண் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"சரி, அதுக்கு முன்னாடி மாட்ரிட் போயிட்டு வந்துடலாம்" என்றாள் கசில்டா, ஏதோ சந்தைக்குப் போகிற மாதிரி.

இரண்டரை மணி நேரப் பயணம்தான். ஆனாலும் போனதில்லை. வருஷக் கடைசி நாளில் கடை நிரம்பி வழியும். கல்லாவுக்கு மேலே இருந்த டிவியில்தான் மாட்ரிட்டின் சோல் சதுக்கத்துக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அது பன்னிரண்டு அடிக்க, அடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சையை ஊரோடு சேர்ந்து விழுங்குவார்கள். மாதத்துக்கு ஒரு பழம். பன்னிரண்டும் இறங்கினால் வருஷம் முழுக்க நல்லபடியாகப் போகும். நேரில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ராத்திரிக் கூட்டத்தில், அந்தக் குளிரில், மணிக்கணக்காக நிற்க அவளுக்குத் தெம்பில்லை. முப்பத்தொன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு ஓர் ஒத்திகை உண்டு, அதற்கும் ஜனங்கள் கூடுவார்கள் என்று பஸ் டிரைவர் ஒருவர் சொன்னார். அது போதும் என்று கிளம்பிவிட்டாள்.

சத்தூரியோவுக்கு வேறொரு திட்டம் இருந்தது. கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர், மனசுக்குள் ஒன்றை நினைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பன்னிரண்டு பழமும் அவள் தொண்டையில் இறங்கிவிட்டால் அவள் வரப்போகிற வருஷம் முழுக்க இருப்பாள். அவ்வளவுதான். டாக்டர் என்ன காகிதம் அடுக்கினாலும் சரி. இதை யாரிடமும் அவர் சொல்லவில்லை.

மாட்ரிட்டில் கிடைத்த ஒன்றரை நாளில் சத்தூரியோ இரண்டு பேருக்கான ஊரைத் தின்று தீர்த்தார். பிளாசா மாயோர் சதுக்கத்தில் கணவாய் வறுவல் திணித்த ரொட்டி. ரெத்தீரோ பூங்கா வாசலில் சுட்ட செஸ்ட்நட் கொட்டை. மீன் கடையில் வினிகரில் ஊறிய நெத்திலி. கசில்டா முன்னால் நடப்பாள், மூக்கு இழுத்த பக்கம் திரும்புவாள், கை காட்டுவாள். இவர் தின்பார், வர்ணிப்பார். "ரப்பர் மாதிரியா, பல்லுல வழுக்குதா?" "ரெண்டுக்கும் நடுவுல." "நடுவுலன்னு ஒண்ணு கிடையாது, ஒழுங்கா மெல்லு." பெல்ட்டை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஜப்பான்காரர்கள் இவர்களைப் படம் எடுத்தார்கள். மெட்ரோவில் எல்லோரும் கத்திப் பேசினார்கள், பாடினார்கள், தலையில் பச்சையும் ஆரஞ்சுமாக டோப்பா மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். கசில்டா வாயில் கைவைத்துச் சிரித்தாள். "இந்த ஊர்ல ஒருத்தருக்கும் வேலையே இல்லையா?"

மத்தியானம் ஒரு பழைய கடையில் குடல் குழம்பு. கசில்டா நேரே அடுப்படிக்குள் போய், எலும்பு போட்டீர்களா என்று சமையல்காரரிடம் விசாரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். சத்தூரியோ முதல் வாய் வைத்தார். ஸ்பூன் நின்றது.

"என்ன?"

"நீ போடுற ஜாதிக்காய் இதுல இல்ல."

கசில்டா அவரையே பார்த்தாள். "நான் ஜாதிக்காய் போடுறது உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. ஒரு சிட்டிகை. கடைசியில."

"நாப்பத்தொரு வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"நீ கேக்கல."

"கேக்காட்டியும் சொல்லலாம், கழுதை" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. குழம்பு முழுவதையும் தின்றார். நாற்பத்தொரு வருஷத்துக்கும் சேர்த்துத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு தின்றார்.

மறுநாள் காலை, ஆத்தோச்சா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த விடுதி அறையில், சத்தூரியோ கட்டிலில் செய்தித்தாளை விரித்துத் திராட்சை உரித்தார். அவருடைய விரல்கள் கடையில் ஒயின் பீப்பாய் உருட்டிப் பழகியவை. மூன்று பழம் கூழாகிவிட்டது.

"நாசம் பண்ணாதே. குடு இங்க" என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள் கசில்டா. தோல் ஒரே சுருளாக வந்தது. கத்தி முனையால் கொட்டையைக் கிளறி எடுத்தாள். பன்னிரண்டு பழமும் ஒரு சின்ன டப்பாவுக்குள் கண்ணாடியாக உட்கார்ந்தன. பழமே கூடாது, அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தது இருவருக்கும் நினைவிருந்தது. கசில்டா டப்பாவை மூடினாள்.

"பால் சூடு பண்ணச் சொல்லட்டுமா?"

"வேணாம். ஒரு சொட்டுத் தண்ணிகூட வேணாம். இந்தத் தொண்டைக்கு ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது வாய்தான் கணக்கு. அத்தனையும் பன்னண்டு மணிக்கு வேணும் எனக்கு."

ஒன்பது வாய்க்கும் பன்னிரண்டு பழத்துக்கும் நடுவில் மூன்று குறைகிறதே என்று சத்தூரியோவின் மனசு அடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்க ஓய்வெடுத்த தொண்டை, மூன்று கூடுதலாகப் போகாதா? தடுக்க வேண்டியவர் அவர்தான். தடுக்காமல், டப்பாவைக் கோட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கே சோல் சதுக்கம் நிரம்பிவிட்டது. கூம்புத் தொப்பி, ஊதல், வண்ணத்தாள். ராத்திரிக்கு வர முடியாதவர்கள், ராத்திரிக்கும் வரப்போகிறவர்கள், என்ன நடக்கிறதென்றே தெரியாத வெளியூர்க்காரர்கள். பக்கத்தில் ஊதா டோப்பா மாட்டிய ஒரு குண்டுப் பெண்மணி, திராட்சைக்குப் பதிலாகப் பையில் பன்னிரண்டு மிட்டாய்களை எண்ணி வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். கசில்டாவைப் பார்த்ததும், "இங்க வாங்க கண்ணு, இந்தக் கம்பியில சாஞ்சுக்குங்க" என்று கூட்டத்தை முழங்கையால் இடித்து இடம் பண்ணிக்கொடுத்தாள். கசில்டா சாய்ந்துகொண்டாள். கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். "டிவியில பெரிசா தெரியும். என்னடா இது, இத்தினியூண்டு!" என்றாள். ஆனால் அவள் கண்கள் சின்னப் பெண்ணின் கண்களாகியிருந்தன.

கோபுரத்து உச்சியில் இருந்த பந்து இறங்கத் தொடங்கியது. கூட்டம் ஓவென்று கத்தியது. கசில்டா கண்ணை மூடிக்கொண்டாள். சத்தூரியோ டப்பாவைத் திறந்தார்.

டிங் டாங்.

முதல் பழத்தை அவள் நாக்கில் வைத்தார். அவள் தலையைச் சாய்த்தாள். இறங்கியது! டிங் டாங். இரண்டாவது. அதுவும் இறங்கியது. அவருக்குக் காது அடைத்தது. கடவுளே, கடவுளே என்று வாய் முணுமுணுத்தது. மூன்றாவது, நான்காவது. எட்டுத்தான் பாக்கி.

ஊதா டோப்பாக்காரி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ ராசா, என்ன அவசரம்! இது கால்மணி! இனிமேதான் பன்னண்டு அடிக்கும்!"

பன்னிரண்டு அடிப்பதற்கு முன்னால் அந்தக் கடிகாரம் நான்கு தடவை கால்மணி அடிக்கும். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் வருஷா வருஷம் யாராவது ஒருவர் அவசரப்படுவார். அவர்கள் கடையில் அது எப்போதும் சத்தூரியோதான். கசில்டாதான் ஒவ்வொரு வருஷமும் அவர் மணிக்கட்டில் ஓர் அடி போட்டு, "இரு, இது கால்மணி" என்பாள். இந்தத் தடவை அவள் விழுங்குவதைத் தவிர வேறெதிலும் கவனம் வைக்கவில்லை. கடிகாரத்தை அவரிடம் ஒப்படைத்திருந்தாள்.

டங்.

அடி நீளமாக, தனியாக விழுந்தது. கூட்டம் "ஒண்ணு!" என்றது. சத்தூரியோ ஐந்தாவது பழத்தை வைத்தார். கசில்டா தலையைச் சாய்த்தாள். பழம் இறங்கவில்லை. இன்னும் சாய்த்தாள். கண் திறந்தது, விரிந்தது. குனிந்தாள். இருமல் அவளை உலுக்கி எடுத்தது. "நாலு! அஞ்சு!" என்றது கூட்டம். சத்தூரியோ அவள் முதுகைத் தட்டினார், தடவினார், மறுபடி தட்டினார். "ஒன்பது!" பழம் கைக்குட்டையில் வந்து விழுந்தது. "பன்னண்டு!" சதுக்கமே குதித்தது. தலைக்கு மேலே வண்ணத்தாள் பறந்தது.

கசில்டா மெல்ல நிமிர்ந்தாள். கண்ணில் நீர், முகமெல்லாம் சிவப்பு. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு எறங்கிச்சு, பாத்தியா? நாலு!"

"பாத்தேன், கசி."

"ஏப்ரல் முடிய. கொறச்சலில்ல, என்ன?"

அப்படியானால் அவளும் மாதங்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருவருக்கொருவர் சொல்லாமலே ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள்.

அவர் ஊதா டோப்பாக்காரியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கால்மணிக்குத் தின்னது சேருமில்ல? சேரும்தானே?" என்றார். தலையாட்டு, பொய்யாவது சொல் என்று அவளைக் கண்ணால் கெஞ்சினார்.

அவள் மிட்டாய் அடைத்த வாயோடு பெரிதாகச் சிரித்தாள். "சேராதே ராசா! ஆனா கவலையே வேணாம். இன்னிக்கு மத்தியானம் தின்னது எதுவுமே சேராது. இது வெறும் ஒத்திகை! நெஜ மணி ராத்திரிதான். ராத்திரி வந்து ஆற அமரத் தின்னுங்க, ரெண்டு பேரும்!"

கசில்டா கேட்டுக்கொண்டுதான் நின்றாள். சிரிப்பு அவள் முகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, போகிற இடம் தெரியாமல்.

"எங்களுக்கு மூணு மணிக்கு பஸ்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அழாத சத்தூரியோ, ஊரார் முன்னால் அழாத சத்தூரியோ, அங்கே நடுச்சதுக்கத்தில் உடைந்து அழுதார். "நான்தான் கெடுத்தேன், கசி. நாலையும் நான்தான் வீணாக்கிட்டேன். நாலும் போச்சே." சத்தம் போட்டு, தோள் குலுங்க அழுதார். சுற்றிலும் ஊதலும் கூச்சலும் இருந்ததால் அவர் சொன்னது கசில்டாவுக்கு மட்டும்தான் கேட்டது. டோப்பாக்காரி அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள். "அடடா, இவ்வளவு இளகின மனசா!" என்று அவரை இழுத்து மார்போடு கட்டிக்கொண்டாள். முன்பின் தெரியாத பெண்ணின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவர் அழுதார். கசில்டா அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கினாள். உள்ளே ஏழு பழம் இருந்தது. மூடினாள்.

"அடுத்த வருஷமும் வரணும், என்ன? ரெண்டு பேரும்!" என்றாள் டோப்பாக்காரி, அவரை விட்டுவிட்டு, கசில்டாவின் கன்னத்தில் முத்தமிட்டு.

"வர்றோம்மா" என்றாள் கசில்டா.