11,342 அடி

ஏணியின் மூன்றாம் படியில் நின்றபடி ட்வைலா ஃப்ரீசன் ஸ்குரூடிரைவரை அவசரமாகத் திருப்பினாள். ஏவுகம்பத்தில் நின்ற ராக்கெட்டின் வயிற்றுக்குள் இருந்த உயரமானி உயிர்பெற்றது. ஒலிபெருக்கியில் ஹார்லன் டர்க்ஸின் குரல் கேட்டது. "ட்வைலா, ஏவ இன்னும் ஆறு நிமிஷம். சீக்கிரம் முடிச்சுட்டு இந்தப் பக்கம் வந்துடுங்க."

அவள் காதைக் குழாயோடு ஒட்டி வைத்து எண்ணினாள்.

பீப். இடைவெளி. பீப். இடைவெளி. பீப் பீப் பீப். இடைவெளி. நான்கு பீப். இடைவெளி. இரண்டு பீப்.

ஸ்குரூடிரைவர் கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது.

சுவிட்சைப் போட்டதும் கடைசியாக எவ்வளவு உயரம் போய்வந்தோம் என்று சொல்வது அந்தக் கருவியின் வழக்கம். ஆனால் இது புதுசு. தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாதது. போன சனிக்கிழமை கராஜ் மேசையில் சோதித்தபோது வெறும் பூஜ்யம்தான் சொன்னது. இப்போது பதினோராயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு அடி என்கிறது.

இறங்கி ஸ்குரூடிரைவரை எடுத்துவந்து, அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். அதே எண்.

அவளுடைய ராக்கெட் ஆறரை அடி உயரம். உள்ளே இருக்கும் மோட்டார் உயிரைக் கொடுத்துத் தள்ளினாலும் நாலாயிரம் அடிக்கு மேல் போகாது. அப்படியானால் இந்த உயரமானி யாரோடு, எதில் ஏறி, எங்கே போய்விட்டு வந்தது?



எட்டு மாத வேலை அது. பெட்டியில் வந்த ஃபைபர்கிளாஸ் குழாயைத் தேய்த்து, மூன்று துடுப்புகளையும் கோணம் பிசகாமல் நிறுத்தி, எபாக்ஸி பசை பூசி, அது காயும்வரை மூச்சுவிடாமல் பிடித்துக்கொண்டு, பள்ளிப் பேருந்து ஓட்டிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கொட்டிக் கட்டியது. ராக்கெட் சங்கத்தின் மூன்று நிலைத் தேர்வுகளில் இரண்டாவதற்கு விதி அதுதான். கட்டுவது முழுக்கத் தன் கையாக இருக்க வேண்டும். பறந்துபோய் பாராசூட்டில் சேதமில்லாமல் இறங்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை இதே மேய்ச்சல் நிலத்தில் தோற்றிருந்தாள். மூன்றாவதும் போனால் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கராஜை முழுசாக விட்டுக்கொடுப்பதாகக் கணவன் வெர்லினிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். இந்த வருடம் ராக்கெட் ஏவ இன்றுதான் கடைசி நாள். நான்கு மணிக்கு வான்வெளி அனுமதி முடிந்துவிடும். பிறகு ஏப்ரல்தான்.

சுற்றி முந்நூறு அடிக்கு ஓர் ஈ காக்காய் இல்லை. அந்த எண்ணைக் கேட்டது அவள் மட்டும்தான். பேசாமல் ஏணியை மடக்கிக்கொண்டு நடந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தாள். 'நிறுத்து' என்று அதற்குப் பொருள்.

பாதுகாப்பு அதிகாரி ஹார்லன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு புல்லில் நடந்து வந்தார்.

"என்னம்மா, கிலுகிலுப்பைப் பாம்பா?"

"உயரமானி பதினோராயிரத்துச் சொச்சம் சொல்லுது ஹார்லன்."

"எட்டு மாசமா எபாக்ஸி வாசத்தையே மூக்குல ஏத்தியிருக்கீங்க. இப்ப காதுக்கும் வந்துடுச்சு."

அவள் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள். ஹார்லன் விரல்விட்டு எண்ணினார். ஐந்தாவது இலக்கத்தில் அவர் சிரிப்பு காணாமல் போனது.

"கராஜை யார் திறந்தா?"

"தெரியல."

"தெரியாம நான் இதை மேல அனுப்ப மாட்டேன். அங்க நாப்பது பேர் நாற்காலி போட்டு உக்காந்து ஹாட் டாக் தின்னுட்டிருக்காங்க. இறக்குங்க. பிரிச்சுப் பாத்துடுவோம்."

மணி மூன்று பத்து.

கூடாரத்து மேசையில் ராக்கெட்டைக் கிடத்தி, கருவிப் பெட்டியை வெளியே உருவினாள். திருகுகளைக் கழற்றியதும் அவள் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

"ஒயர் மாறியிருக்கு" என்றாள்.

பாராசூட்டுகளை விரிப்பதும் உயரமானிதான்: உச்சிக்குப் போனதும் சின்னது, தரைக்கு எழுநூறு அடி இருக்கும்போது பெரியது. அதுதான் வரிசை. ஒயர் இரண்டும் இடம் மாறியதால் பெரியது உச்சியிலேயே விரிந்திருக்கும். அடிக்கிற தெற்குக் காற்று அதை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய், சோள லாரிகள் வரிசையாக ஓடும் நெடுஞ்சாலையில் போட்டிருக்கும். யாரோ ஒரு டிரைவரின் முகத்துக்கு நேரே, கண்ணாடியில், ஐந்து கிலோ குழாய்.

ஹார்லன் தொப்பியைக் கழற்றினார். "சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. அப்புறம்..."

அவள் திரும்பினாள். பிக்கப்பின் பின்கதவைச் சாய்த்து அதன்மேல் உட்கார்ந்து, சூரியகாந்தி விதையை மென்று தொலியைத் துப்பிக்கொண்டிருந்தான் வெர்லின். எட்டு மாதமாக அந்த ராக்கெட்டை 'றெக்கை முளைச்ச சாக்கடைக் குழாய்' என்று கிண்டலடித்தவன். அவள் முகத்தைப் பார்த்ததும் மெல்வதை நிறுத்தினான். இறங்கி வந்தான்.

"நான்தான் எடுத்தேன்" என்றான், கேட்பதற்கு முன்பே.



"ஞாயித்துக்கிழமை காலைல எடுத்தேன். திங்கக்கிழமை நீ பஸ்ஸை எடுத்துட்டுப் போனதும் திருப்பி மாட்டிட்டேன். அண்ணன் ஊர்ல ஒரு ராக்கெட்டுக்கு அவசரமா தேவைப்பட்டுச்சு. உன்கிட்ட சொல்லணும்னுதான்..."

"ஒயரை மாத்தி மாட்டியிருக்க."

"மாத்தியா?" அவன் எட்டிப் பார்த்தான். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ வடிந்தது. பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டியின்மேல் தொப்பென்று உட்கார்ந்தான். "கடவுளே. நான் இல்ல ட்வைலா. அதாவது, நான்தான். ஆனா வேணும்னு இல்ல."

"கராஜுக்காகவா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். இல்லை என்பது போல.

இருபத்தாறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்ட மனிதன். ட்வைலாவுக்கு அவனை யாரோ புது ஆளைப் பார்ப்பது போல இருந்தது.

ஹார்லன் இருமினார். "சண்டையை வீட்ல வெச்சுக்கோங்க. உயரமானி கடைல வாங்குற சாமான். ராக்கெட்டைக் கட்டினது நீங்க. ஒவ்வொரு திருகையும் என் கண்ணு முன்னாடி நீங்களே கழட்டி நீங்களே மாட்டினா எனக்குப் போதும். நீங்க கையைத் தூக்காம இருந்திருந்தா நான் இந்த நேரம் போலீசுக்கு போன் பண்ணிட்டிருப்பேன்." பிறகு வெர்லினிடம், "ஐயா, வண்டிக்குப் போங்க. அதை விட்டு இறங்கினீங்கன்னா உங்களையும் கம்பத்துல கட்டி ஏவிடுவேன்."

முதல் திருகு இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு கை தன்னால் ஓடியது.

மூன்று ஐம்பத்தொன்றுக்கு ஹார்லன் எண்ணினார். ஐந்து, நான்கு, மூன்று. பூஜ்யத்தில் புல் தீய்ந்தது. சத்தம் நெஞ்சில் இடித்தபோது ராக்கெட் ஏற்கெனவே ஊசிமுனையாகியிருந்தது. உச்சியில் ஒரு வெள்ளைப் புகைப்பொட்டு. சின்னப் பாராசூட். நாற்பது பேரும் ஹாட் டாக்கைக் கையில் பிடித்தபடி அண்ணாந்திருந்தார்கள். விறுவிறுவென்று விழுந்துகொண்டே வந்தது. எழுநூறு அடியில் ஆரஞ்சு நிறத்தில் பெரியது மலர்ந்தது.

பக்கத்தில் அறுவடை முடிந்த சோள வயலின் தட்டைகள் மேல், ஒரு கீறலும் இல்லாமல், மெல்லப் படுத்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. "எடுத்துட்டு வாங்க அம்மா. கையெழுத்துப் போட பேனா ரெடி."

ட்வைலா வயலுக்குள் நடந்தாள். பத்தடி பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"வண்டியை விட்டு இறங்கக் கூடாதுன்னாரே."

"ஏவி முடிச்சாச்சே."

"உங்க அண்ணனுக்கு பார்பெக்யூ அடுப்பு பத்தவைக்கவே துப்பு கிடையாது. அவனுக்கு எதுக்கு உயரமானி?"

"அவனுக்கு இல்ல."

"பின்ன யாருக்கு?"

வெர்லின் எட்டி நடந்து அவள் பக்கத்தில் வந்தான். காய்ந்த தட்டை அவன் பூட்ஸில் முறிந்தது.

"நீ முதல் தடவை தோத்துட்டு வந்து குளியலறைல கதவைச் சாத்திக்கிட்டு அழுதியே, அந்த மாசம்தான் சொல்றதா இருந்தேன். வாய் வரல. ரெண்டாவது தடவையும் போச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது? கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தா சந்தேகம் வராதுன்னு பாத்தேன்."

"என்னத்தைச் சொல்றதா இருந்த?"

"பெரிய தேர்வுக்கு உயரமானி ரெண்டு வேணும்னு விதி. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு காப்பாத்தணும். ஞாயித்துக்கிழமை காலைல கிளம்புறப்ப பாத்தா ஒண்ணு செத்துக் கிடந்துச்சு."

அவள் நின்றாள். அவன் பர்ஸைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினான். மாதம் ஒரு ஞாயிறு, நெப்ராஸ்காவில் அண்ணனின் டிராக்டரை ரிப்பேர் செய்யப் போவதாகச் சொல்லிக் கிளம்பிய மனிதன்.

அவளிடம் இருப்பது போன்றதே அந்த அட்டை. அதே சங்கம், அதே எழுத்து. வெர்லின் ஃப்ரீசன். தேதி, போன ஞாயிறு. உயரம், பதினோராயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு அடி.

மூன்றாம் நிலை.