வலப்பக்கத்தில் ஒருவன்

பேஸ்பால் பந்து வெகு உயரத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. தனிலோ அதற்கு நேர் கீழே வந்து நின்றுவிட்டான். கையுறையும் விரிந்துதான் இருந்தது. ஆனால் கடைசி நொடியில் கையை உயர்த்தாமல் ஒரு குரலுக்காகக் காத்திருந்தான். அவனுக்குப் பக்கத்து இடமான ஷார்ட்ஸ்டாப்பில் ஆடும் வெனிசுவேலாப் பையன் வலப்பக்கத்திலிருந்து ஓடிவந்தவன், பெரியவர் பார்த்துக்கொள்வார் என்று ஒதுங்கிக்கொண்டான். இருவருக்கும் நடுவே பந்து தொப்பென்று விழுந்து, ஒருமுறை எம்பி, புல்லில் அடங்கியது. அரங்கம் முழுக்க ஒரே மூச்சாக அங்கலாய்த்தது.

"என்னண்ணே, உங்க பந்துதானே அது?"

"நீ கூப்பிடலையே."

"நான் எதுக்குக் கூப்பிடணும்? நீங்கதான் அடியிலயே நிக்கிறீங்களே!"

பையன் சொன்னது நியாயம்தான். தனிலோ தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டாம் பேஸுக்கு அருகில் தன் இடத்துக்குப் போனான். போகும்போது பழக்கதோஷத்தில் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தான். பையனின் காலடிப் புழுதியைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

அவன் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட வந்து பதினெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. அதற்குள் எத்தனையோ ஷார்ட்ஸ்டாப்புகள் அவனுக்கு வலப்பக்கம் நின்று ஆடிவிட்டுப் போய்விட்டார்கள். தங்கள் இடத்தில் இன்னொருவனும் நிற்கிறான் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவன் பெயர் ரதாமேஸ். தனிலோவின் பெரியம்மா எனெய்தாவின் மகன். தனிலோவின் அம்மா வேலை தேடி மாட்ரிட் போய் அங்கேயே தங்கிவிட்டதால், பிறந்த தீவில், சான் பெத்ரோ என்ற ஊரில் சர்க்கரை ஆலைக்குப் பின்னாலிருந்த பெரியம்மா வீட்டில்தான் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்து வளர்ந்தார்கள். ஆலை மைதானத்தில் ஒருவன் இரண்டாம் பேஸ், மற்றவன் ஷார்ட்ஸ்டாப். நடுவில் வருகிற பந்தெல்லாம் ரதாமேஸுக்குத்தான். "என்னுது! விடுடா!" என்று கத்திக்கொண்டே வந்துவிடுவான். ஒரே நாளில் ஒரே அமெரிக்க அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. விமானம் ஏற வேண்டிய வாரத்தில், தலைநகர்ச் சாலையில் விளக்கில்லாமல் நின்றிருந்த கரும்பு வண்டியில் ரதாமேஸின் மோட்டார் சைக்கிள் மோதிவிட்டது. அவனுக்குப் பத்தொன்பது வயது. தனிலோ மட்டும் விமானம் ஏறினான்.

பெயர் தெரியாத ஏதோவொரு சின்ன ஊரில் முதல் ஆட்டம். ஏப்ரல் மாதத்துக் குளிரில் விரல்கள் மரத்திருந்தன. நடுவில் உருண்டு வந்த பந்தை நோக்கி அவன் பாய்ந்தபோது வலப்பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டது: "என்னுது! விடுடா!" அவன் விட்டுவிட்டான். ஷார்ட்ஸ்டாப் நின்றிருந்த ஒரு டெக்ஸஸ்காரன் அதை அள்ளி எறிந்தான். அவன் வாயைத் திறக்கவே இல்லை. திறந்திருந்தாலும் ஸ்பானிஷ் அவனுக்குத் தெரியாது. அன்று தொடங்கியது. அந்தக் குரல் ஒருமுறைகூடத் தப்பாகக் கூப்பிட்டதில்லை. எந்தப் பந்தை எடுப்பது, எந்தப் பந்தை விடுவது என்று இவனைப்போல் தெரிந்தவன் இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. தனிலோ படித்துவிட்டுச் சும்மா இருந்தான். மனைவி யானிராவிடம்கூடச் சொன்னதில்லை.

இந்த வருடம் அந்தக் குரல் மெலிந்துகொண்டே வந்தது. முதலில் அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல. பிறகு தெருக்கோடியிலிருந்து. செப்டம்பர் பிறந்ததும் நின்றேவிட்டது.

பந்து விழுந்த அன்று சாயங்காலமே அவன் பயிற்சியாளரின் அறைக்குப் போய், இந்த சீசனோடு போதும் என்று சொன்னான்.

"முழங்காலா?" என்றார் அவர்.

"காதுன்னு வெச்சுக்கோங்க."

அவர் சிரித்தார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நவம்பரில் ஊர் திரும்பினான். மளிகைக்கடை வாசலில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் அவன் காரை மறித்து, கையில் ஒரு பீரைத் திணித்தார்கள்.

"வாய்யா கிழவா! இனிமே எங்ககூடத்தான உக்காரணும்? டோமினோவையாவது கீழ போடாம புடிப்பியா?"

"அந்தக் கடைசிப் பந்த எங்க பாட்டியே புடிச்சிருக்கும்டா!"

அவனும் சேர்ந்து சிரித்தான். எல்லோரும் இருந்தார்கள். பெரியம்மா மட்டும் விமான நிலையத்துக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. மூன்றாம் நாள் அவனே போனான். அவளுக்காக அவன் கட்டிக்கொடுத்த வீடுதான். முன்னறையில் பெரிய டிவியின் மேல் மேசைவிரிப்பைப் போட்டு மூடியிருந்தாள். அந்த ஊரில் சாவு வீட்டில் கண்ணாடியை மூடுவார்களே, அதுபோல இருந்தது.

அவள் சமையலறையில் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரக் கேட்டு நிறுத்துன?"

"பெரியம்மா, எனக்கு முப்பத்தெட்டு ஆகப்போகுது. இனிமே ஓட முடியல."

"நடந்து ஆடு. நின்னு ஆடு. யாரு உன்ன ஓடச் சொன்னா?"

"உக்காருங்க, கொஞ்சம் பேசுவோம்."

"உன்னப் பாக்கவா ராத்திரி ராத்திரியா அந்தப் பெட்டி முன்னாடி உக்காந்திருந்தேன்னு நெனச்ச? உன் மூஞ்சில என்ன இருக்கு?" கரண்டியால் வாழைக்காயைத் திருப்பிப் போட்டாள். எண்ணெய் சீறியது. "என் புள்ள ஆடி நான் ஒருநாளும் பாத்ததில்ல. ஃபாக்டரில சட்டைக்குக் கை தெச்சுக்கிட்டே இருந்தேன். ஞாயித்துக்கெழமைகூட ஓவர்டைம். அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

அடுத்த துண்டை எண்ணெயில் போட்டாள்.

"ஒவ்வொரு பந்துக்கு முன்னாடியும் நீ ஒருதரம் திரும்பிப் பாப்ப. எல்லாரும் அடிக்கிறவனப் பாப்பாங்க, நீ மட்டும் பக்கத்துல பாப்ப. யாரப் பாக்குறன்னு எனக்குத் தெரியாதா? உன் கண்ணு போற எடத்துலதான் நானும் பாப்பேன். அங்க யார் சட்ட இருந்தா என்ன."

தனிலோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். இத்தனை வருடமும் தனக்கு மட்டும் சொந்தமென்று பொத்தி வைத்திருந்ததை இன்னொருத்தி கடலுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பிறகு அவன் சொன்னான். குளிரில் கேட்ட முதல் குரலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, பாதி வெந்த வாழைக்காயைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"குரல் எப்டி இருக்கும்? பெரிய ஆளு குரலா?"

"இல்ல பெரியம்மா. அதே குரல்தான். நான்தான் பெரியவனாயிட்டேன்."

"இப்ப?"

"இப்ப இல்ல. செப்டம்பர்லேர்ந்து வரல. அதுக்கப்புறம் என்னால ஆட முடியல."

அவள் தட்டை மேசைமேல் வைத்தாள். அவன் அழுகையை எதிர்பார்த்தான், வசவை எதிர்பார்த்தான்.

"உன்கிட்டயும் வரல. இங்க டிவிலயும் இல்ல. அப்ப எங்கடா போயிருப்பான்?" என்றாள், பொழுது சாய்ந்தும் வீடு வராத பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோல.



அடுத்த வாரம் உள்ளூர் அணியிலிருந்து கூப்பிட்டார்கள். ஞாயிறு பிற்பகல் ஆட்டத்தில் ஒரே ஒரு இன்னிங்ஸ், சொந்த ஊர் சனங்கள் முன்னால், ஒரு மரியாதைக்கு. அவன் முடியாது என்று சொல்லப்போனான். பெரியம்மா, "வரேன்னு சொல்லு. நானும் வரேன்" என்றாள்.

தேவாலயத்துக்குப் போகும் நீல உடுப்பில் வந்தாள். அந்த அரங்கத்துக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. யானிரா அவள் கையைப் பிடித்து முதல் வரிசையில் உட்காரவைத்தாள். தம்பட்டங்களும் ஊதல்களுமாகக் காது கிழிந்தது. தனிலோ தன் இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தான். வலப்பக்கத்தில் குட்டையான ஒருவன் எதையோ மென்று துப்பிக்கொண்டு நின்றான். அவன் மட்டும்தான் நின்றான். இரண்டு பேர் அவுட் ஆனதும் மூன்றாவது ஆள் அடித்த பந்து நேராகத் தனிலோவிடமே உருண்டு வந்தது. யாரும் கூப்பிடத் தேவையில்லாத பந்து. எடுத்தான், எறிந்தான், முடிந்தது. சனங்கள் எழுந்து நின்றார்கள். அவன் தொப்பியைக் கழற்றியபோது கண் கலங்கியிருந்ததாக மறுநாள் பத்திரிகையில் வந்தது. அவன் பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை தட்டவில்லை. வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு மைதானத்தில் எதையோ துழாவிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்து, போட்டோ பிடித்தவர்களையெல்லாம் அனுப்பிவிட்டு அவன் வெளியே வந்தபோது யானிரா தனியாக நின்றிருந்தாள். பெரியம்மாவின் கைப்பை அவளிடம் இருந்தது.

"நான் சொன்னா கேக்கல. அங்க பாருங்க."

காலி மைதானத்தில் நீல உடுப்பு நின்றிருந்தது. தண்ணீர் அடிக்கிறவன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். தனிலோ ஓடினான்.

"எங்கடா நிப்பான்?" என்றாள். "அந்தப் பெட்டில ஒருதரம் இந்தப்பக்கம் காட்டுறான், ஒருதரம் அந்தப்பக்கம் காட்டுறான். எனக்கு ஒண்ணும் புரியல."

அவன் அவள் முழங்கையைப் பிடித்து, செம்மண் முடிந்து புல் தொடங்கும் இடத்துக்குக் கூட்டிப்போனான். "இங்க."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நின்றாள். சூடு உறைத்திருக்க வேண்டும். பாதங்களை ஒருமுறை மாற்றி வைத்தாள்.

"எப்டி நிப்பான்?"

"முட்டில கைய ஊனிக்கிட்டு. கொஞ்சம் குனிஞ்ச மாதிரி."

அவள் குனிந்தாள். தையல் தைத்துத் தைத்து ஏற்கெனவே வளைந்திருந்த முதுகுக்கு அது ஒன்றும் சிரமமாக இல்லை. உள்ளங்கைகளை முழங்காலில் பதித்துக்கொண்டு, முகத்தை மட்டும் தூக்கினாள்.

"நீ ஏன் இங்கயே நிக்கிற? உன் எடத்துக்குப் போ."

அவன் போனான். தண்ணீர்க்காரன் குழாயை மூடினான். எதிரே அடிக்கிறவன் நிற்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அதன்மேல் அரங்கத்தின் நிழல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. எனெய்தா அந்த வெறும் இடத்தையே இமைக்காமல் பார்த்துக்கொண்டு, எந்தப்பக்கமும் பாய்வதற்குத் தயாராக, குதிகால்களைத் தரையிலிருந்து லேசாக உயர்த்தி நின்றாள்.