கோமளத்தின் இடது கை

சந்திரமௌலி மறுபடியும் கைதட்டி ஒத்திகையை நிறுத்தினார்.

"ராஜகோபாலா, நீ நன்னாத்தான் அழறே. எனக்குத்தான் அழுகை வரலை."

சித்திரகுளத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஓட்டுக் கொட்டகையில் நாடக சபைக்காரர்கள் சாயங்காலங்களில் கூடுவார்கள். வக்கீல்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், பாரிமுனைக் கம்பெனிகளிலிருந்து டிராமில் நின்றுகொண்டே திரும்பி வந்த குமாஸ்தாக்கள். சந்திரமௌலி வக்கீல், சபையின் காரியதரிசியும் அவர்தான். புது நாடகத்தை எழுதியவரும் அவரே. ராஜா இல்லை, ரிஷி இல்லை, மயிலாப்பூரில் ஒரு வீடு, குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய். கடைசிக் காட்சியில் அவள் கோயிலுக்குக் கிளம்பிப் போகிறாள். அவ்வளவுதான். பாட்டு கிடையாது, வசனமும் கிடையாது.

தாய் வேஷம் ராஜகோபாலனுக்கு. மீசை அரும்பிய நாளிலிருந்து அதை மழித்துக்கொண்டு ஸ்திரீ பார்ட் போட்டுவந்தவன் அவன். இருந்தாலும் இதை அவனிடம் கேட்கக் காரியதரிசி தயங்கினார். இரண்டு வருஷத்துக்கு முன்புதான் ராஜகோபாலனின் ஒரே பெண் ஜானு, நாலு வயசு, விஷ ஜுரத்தில் போயிருந்தாள். "வேண்டாம்னா சொல்லிடு" என்றார். "வேஷம்தானே" என்று சொல்லிவிட்டான் ராஜகோபாலன்.

இப்போது அந்த வேஷம் வரமாட்டேன் என்றது. தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு விம்மிப் பார்த்தான். தூணில் சாய்ந்து பார்த்தான். எல்லாம் பழைய நாடகங்களில் கைதட்டல் வாங்கிய அழுகைகள். கடைசியில் அலுத்துப்போய், நடிக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல், பூக்கூடையை வலது கையில் எடுத்துக்கொண்டு வாசற்படியாக வைத்திருந்த பலகையைத் தாண்டினான். அப்போது அவன் இடது கை கீழே தாழ்ந்து பின்னால் போயிற்று. விரல்கள் பாதி விரிந்து, ஒரு சின்னக் கை வந்து பற்றிக்கொள்வதற்காகக் கொஞ்சம் காத்திருந்தன. பிறகு மெதுவாக மூடிக்கொண்டு திரும்பி வந்தன.

சந்திரமௌலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுதாண்டா! எங்கேர்ந்து பிடிச்சே இதை?"

ராஜகோபாலன் பூக்கூடையைக் கீழே வைத்தான். அந்தக் கை யாருடையது என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

அவன் மனைவி கோமளம் அப்படித்தான் செய்வாள். ஜானு போன பிறகு அவள் கேசவப் பெருமாள் கோயிலைத் தவிர வேறெங்கும் போவதில்லை. படியிறங்கும்போது அவள் கை ஒரு கணம் பின்னால் போகும். தெருவைக் கடக்கும்போதும் போகும். அவளுக்கு அது தெரியாது. முதல் தடவை பார்த்தபோது ராஜகோபாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போகப் போக, அந்தக் கை நீளும் நேரத்துக்காக அவன் காத்திருக்கத் தொடங்கினான். தன்னையறியாமல் நடையைத் தளர்த்துவான், ஒரு குழந்தை எட்டிப் பிடிக்கட்டும் என்பதுபோல. இதை யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும்கூட.

ஒத்திகை கலைந்ததும் திரைச்சீலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த தையற்காரர் கலீமுல்லா அவனிடம் வந்தார். ஜானுவின் கடைசித் தீபாவளிப் பாவாடையைத் தைத்தவர் அவர்.

"ஸார், நீங்க இத்தப் போடறது வூட்ல அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது பாய்."

"முன்னாடியே சொல்லிடுங்க ஸார். திடீர்னு பாத்தாங்கன்னா தாங்கமாட்டாங்க."

சொல்லத்தான் நினைத்தான். ஒவ்வொரு நாளும் இலையில் உட்காரும்போது நினைத்துக்கொண்டு, மோர் சாதத்தோடு அதையும் விழுங்கிவிட்டு எழுந்தான். அதற்குள் ஒத்திகையைப் பார்த்தவர்கள் வெளியே பேச, பேச்சு குளத்தங்கரைக்கும் கோயிலுக்கும் போய், கோமளத்தின் காதுக்கும் வந்துவிட்டது.

"ஏன்னா, ஞாயித்துக்கிழமை நானும் வரட்டுமா?" என்றாள். அவன் கலியாணம் ஆன நாளிலிருந்து போட்ட வேஷங்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. பார்க்க வெட்கம் என்பாள்.

"உனக்கு எதுக்கு? துக்க நாடகம்."

"அதுக்குத்தான். எல்லாரும் அழுதுட்டு வராளாமே. எனக்கு அழுகை வந்து ரொம்ப நாளாச்சு."

அதற்குமேல் அவனால் மறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கொட்டகை நிறைந்திருந்தது. கோமளம் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதைத் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தான் ராஜகோபாலன். அரக்குப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வெகு நாளைக்குப் பிறகு தலையில் பூ வைத்திருந்தாள்.

"மௌலி, அந்தக் கையை இன்னிக்கு விட்டுடறேன்" என்றான்.

"விட்டுட்டு? நாடகமே அதுதானேடா."

விட்டுவிடுவது என்றுதான் மேடை ஏறினான். கடைசிக் காட்சிவரை அந்தத் தீர்மானம் இருந்தது. பூக்கூடையை எடுத்தான். கொட்டகை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த நிசப்தம் அவனுக்குப் பழக்கமான ஒன்று. எதையாவது கொடு என்று கேட்கும் நிசப்தம். பலகையைத் தாண்டும்போது இடது கை பின்னால் போயிற்று. தானாகப் போயிற்றா, தான் போகவிட்டானா என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தும் அவனுக்குத் தெரியவில்லை.

பெண்கள் பக்கத்தில் ஒரு கேவல் எழுந்தது. பிறகு இன்னொன்று. அங்கவஸ்திரங்கள் முகத்துக்குப் போயின. கூடையோடு திரும்பியபோது அவன் கோமளத்தைப் பார்த்தான். அவள் அழவில்லை. தன் இடது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை காப்பியைக் கொண்டுவந்து வைத்தவள், போகாமல் நிலைப்படி ஓரத்தில் நின்றாள்.

"நான் அப்படியா பண்றேன்?"

அவன் தலையை ஆட்டினான்.

"எப்போலேர்ந்து?"

"அவ போனதிலேர்ந்து."

"தினமுமா?"

"ஆமாம்."

"எங்கிட்ட சொல்லலையே. ஊருக்கெல்லாம் காட்டினேள்."

காப்பியில் ஆடை படிந்தது. "சொன்னா நீ நிறுத்திடுவியோன்னு பயம்" என்றான். தான் சொன்னதில் பாதிதான் நிஜம் என்று அவனுக்குத் தெரிந்தது. அந்தப் பாதியும் காலம் கடந்து வந்தது.

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவ எங்கூட வந்துண்டிருந்திருக்கா. எனக்கே தெரியாம" என்றாள். சொன்ன பிறகும் கண்ணில் நீர் வரவில்லை. உள்ளே போனாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட வெகு நேரம் கேட்டது.

சாயங்காலம் சந்திரமௌலி வந்தார். வரும் ஞாயிறும் போடவேண்டும் என்று ஊரே கேட்கிறதாம்; தேனாம்பேட்டையிலிருந்துகூட ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்களாம். ராஜகோபாலன் முடியாது என்று சொல்ல வாயெடுத்தான். உள்ளேயிருந்து கோமளத்தின் குரல் வந்தது.

"போடச் சொல்லுங்கோ. அவ அங்கேயாவது இருக்கட்டும்."

அவள் சொன்னது புரியாமல், நல்ல வார்த்தை சொன்னாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போனார் சந்திரமௌலி.

மறுநாள் இருவரும் பெருமாள் சேவிக்கக் கிளம்பினார்கள். கோமளம் படியில் நின்று, துளசித் தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கால் இறங்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து இறங்கினாள், புதிதாக நடக்கக் கற்றுக்கொள்கிறவள்போல. ராஜகோபாலன் பழக்கத்தில் நடையைத் தளர்த்தினான். அவள் தளர்த்தவில்லை. ஓரடி முன்னால் போனவள் நின்று, அவன் வந்ததும் சேர்ந்து நடந்தாள். எப்போதும்போல இருவருக்கும் நடுவில் ஒரு குழந்தை நடக்கும் அளவுக்கு இடம் விட்டே நடந்தார்கள்.

மாடவீதியில் கூட்டம் இருந்தது. எதிரே தலையில் பானையோடு தயிர்க்காரி ஒருத்தி வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

"ஒத்திக்கம்மா, ஒத்திக்கோ" என்று சொல்லிக்கொண்டே, ஒதுங்குவதற்குக் காத்திராமல், அவர்கள் இருவருக்கும் நடுவே புகுந்து போனாள்.