ஒட்டிய விரல்கள்

புதுவாயலை ஒட்டிய அந்தக் கல்லூரியில் பி.காம். படிப்பவர்களும் ஒரு பருவம் கையால் ஏதாவது செய்தாக வேண்டும். ஜெனிபர் களிமண்ணில் தன் அப்பாவின் வலது கையைச் செய்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லாத கை. பார்க்காமலே செய்ய முடிந்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள் செல்போனில் அதைக் காட்டியதும் அப்பா பாக்கியநாதன் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"யாரு வராங்க பாக்கறதுக்கு?"

"உங்க கம்பெனி மேனேஜர்தான் சீஃப் கெஸ்ட், நைனா."

"இத்த வைக்காத கண்ணு. வண்டி செயின்ல மாட்டிச்சுன்னு சொல்லிக்கினு கீறேன். கம்பெனி பிரஸ் மிஷின்ல போச்சுன்னு தெரிஞ்சா காண்ட்ராக்டர் என்னத்தான் நிறுத்துவான்."

விரல்கள் போன அன்றும் கம்பெனி வாசலில் விபத்தில்லா நாட்களைக் காட்டும் பலகையில் எண் ஒன்று கூடியிருந்தது.

காலையில் அவள் கல்லூரிக்குப் போவதற்குள் களிமண் கை முன்மேசைக்கு வந்திருந்தது. "இதுதாம்மா முதல்ல இருக்கணும். எடுக்கச் சொல்லாத," என்றார் கைவேலை வகுப்பெடுக்கும் கல்பனா மேடம். காரணத்தை அவரிடமும் சொல்ல முடியாது. ஜெனிபர் ஈர மண்ணை உருட்டி இரண்டு விரல்கள் செய்து, காய்ந்த கையில் தண்ணீர் தொட்டு ஒட்டினாள்.

கூடப் படிக்கும் நர்மதா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, உங்கப்பாவுக்கு ஒரே ராத்திரில வெரல் மொளச்சிடுச்சா?"

"மெதுவா பேசேன்டி."

புது விரல்கள் மட்டும் கறுத்துத் தெரிந்தன. காய்ந்தால் நிறம் சேர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் அவை காயக் காயச் சுருங்கின. பழைய மண் சுருங்கவில்லை. ஆள்காட்டி விரலின் அடியில் மயிரிழைபோல ஒரு கோடு விழுந்தது. விரல் நுனியால் தடவினாள், கோடு நீண்டது.

"ஃபேனை நிறுத்தலாமா மேடம்?"

"சாருக்கு ஏற்கெனவே வேர்க்குது, சும்மா இரு."

வாசலில் போர்த்திய சால்வையோடு மேனேஜர் நேராக முன்மேசைக்கு வந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். கம்பெனியில் மெஷின்கள் ஓடும் ஷாப்பில் தினமும் நடப்பவர். எத்தனை கைகளைப் பார்த்திருப்பார். நடுவிரல் லேசாகச் சாய்ந்தது. ஜெனிபர் சட்டென்று கைகுலுக்குவதுபோல அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள்.

"யார் கைம்மா இது?"

"யாரோடதும் இல்ல சார்."

"தத்ரூபமா இருக்கே. விடும்மா, எடுத்துப் பாக்குறேன்."

அவர் கையை நீட்டினார். ஜெனிபர் விடவில்லை. அவள் பிடிக்குள் ஒரு விரல், ஈரமாக, சத்தமில்லாமல் கழன்றது.